சனாவுல்லா பாயின் நோன்பு ஆட்டம்

சனாவுல்லா பாய்க்குக் கால்பந்து ஆட வராது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன், கோபப்பட மாட்டார். வாலிபத்தில் எங்கள் மலையடி கிளப்புக்காக மூன்றே மூன்று ஆட்டம் ஆடினார். அதில் ஒன்றில் நம் பக்கத்துக் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டு, எதிராளிகள் கை தட்டுவதைப் பார்த்துத் தானும் கை தட்டியவர். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் இருபத்தெட்டு வருடமாக எங்களுக்குக் கோச். இன்றைக்கும் அவருடைய டீம் வருகிறது என்றால் வத்தலக்குண்டுக்காரனும் நிலக்கோட்டைக்காரனும் கொஞ்சம் யோசிப்பான்.

நான் பிரான்சிஸ். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முட்டி போகும்வரை கோல்கீப்பர், போன பிறகு பாய்க்குக் கையாள். தண்ணீர் பாட்டில், ஐஸ் பை, பேண்டேஜ் எல்லாம் என் பொறுப்பு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். ரெஃப்ரியை அடிக்கப் போய் இரண்டு முறை தடை வாங்கியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் நீளுகிற இந்த வாய், திறந்தே ஆக வேண்டிய ஒரு இடத்தில் திறக்கவில்லை. அந்த வெட்கக்கேட்டைத்தான் சொல்ல வந்தேன். பாயைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

பாய் தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். பதனிட்டு வந்த தோலை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று தள்ளிக்கொண்டே போவார். ஆட்களையும் அப்படித்தான் பார்த்தார். தொண்ணூற்றெட்டில் டீம் அவர் கைக்கு வந்தபோது, டிவியில் உலகக் கோப்பை ஓடிக்கொண்டிருந்தது. அதில் பார்த்ததை அப்படியே எங்களை ஆட வைத்தார். வத்தலக்குண்டில் ஆறு கோல் வாங்கினோம். அந்த ஆறையும் குனிந்து பொறுக்கியவன் நான்தான். பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கியதும் பாய் என் தோளைத் தட்டினார்.

"பிரான்சிஸு, டிவியில ஆடுறவன் எவனும் காலையில ஆறு மணிக்கு தோல் ஷாப்புக்குப் போயிட்டு வந்து ஆடலப்பா. நம்ம பயலுக போறானுக. அத வச்சுத்தான் நாம திட்டம் போடணும்."

அவருடைய திட்டம் அன்றைக்குத்தான் பிறந்தது. ஒரே நாளில் வளர்ந்ததில்லை. வருடத்துக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். முதல் வருடம் பின்னால் நின்ற இரண்டு பேரை நான்காக்கினார், வேறு எதையும் தொடவில்லை. அடுத்த வருடம் நான் பந்தை நீளமாக உதைக்கக் கூடாது, கையால் இடது பக்கம் உருட்டிவிட வேண்டும் என்றார். மூன்று மாதம் அந்த உருட்டலில் கோல் கோலாக வாங்கினோம். "இது என்ன கிறுக்குத்தனம் பாய், மாத்துங்க" என்று கத்தினேன்.

"ஒரே நேரத்துல ரெண்ட மாத்துனா, எது வேல செஞ்சுச்சு, எது கெடுத்துச்சுன்னு எப்புடிலே தெரியும்? பொறு" என்றார்.

நான்காவது மாதம் அது பிடித்துக்கொண்டது. எங்கள் மைதானம் புல் இல்லாத செம்மண், கிழக்கே லேசாகச் சரிந்திருக்கும். இடது பக்கம் உருட்டிய பந்து தானே வேகம் எடுக்கும். வெளியூர் ஆட்டம் என்றால் பாய் மதியமே போய், மைதானத்தின் நடுவில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்து அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குத்தவைத்துப் பார்ப்பார். ஊர்ப் பயல்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஆனால் திட்டம் என்பது ஆட்களால் ஆனது. இடது பக்கத்துத் தடுப்பாட்டக்காரன் முகமது யாசின் சவூதிக்கு விமானம் ஏறியபோது பாதித் திட்டம் அவனோடு போய்விட்டது. அதே வேலையை இன்னொருவனைச் செய்ய வைக்கப் பார்த்து இரண்டு வருடம் தோற்றோம். பிறகுதான் பாய்க்கு உறைத்தது. வந்தவனுக்கு என்ன வருமோ அதை வைத்து அந்தப் பக்கத்தையே புதிதாகப் போட்டார். ஒவ்வொன்றையும் நீள நோட்டில் எழுதி வைப்போம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவர் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், என்னுடையது அச்சு அச்சாக இருக்கும். மொத்தம் ஒன்பது நோட்டு.

அவர் மூளையைக் கசக்கிப் போட்டதிலேயே பெரியது நோன்பு ஆட்டம். ரமலான் மாதம் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அப்படி நகர்ந்து வந்து, கோடைக்கால டோர்னமெண்டு நடக்கும் மே மாதத்திலேயே உட்கார்ந்துவிட்டது. பதினோரு பேரில் ஏழு பேர் பேகம்பூர்ப் பிள்ளைகள். விடியலுக்கு முன் சாப்பிட்டதோடு சரி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஆட்டமோ மாலை நாலரைக்கு. மே மாத வெயிலில், நோன்பு திறக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒருவன் எவ்வளவு ஓடுவான்? முதல் வருடம் இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் மைதானத்தில் நின்றுகொண்டே தூங்கினார்கள்.

"நோன்ப விட்டுட்டு ஆடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். என் வாயால அது வராது" என்றார் பாய். "ஆட்டத்தத்தான் மாத்தணும்."

மாற்றினார். முதல் பதினைந்து நிமிடம் பதினோரு பேரும் வெறிபிடித்த மாதிரி ஏறி அடிப்பது. ஒரு கோல் விழுந்ததும் ஏழு பேரும் அவரவர் இடத்தில் நெருக்கி நின்றுகொள்வது, நாலு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. மிச்ச ஓட்டம் முழுவதும் நோன்பு இல்லாத நாலு பேர் தலையில். "என் நாலு குதிர" என்பார் அவர்களை. ஆட்டம் நிற்கிற நேரமெல்லாம் நான் அந்த நாலு பேருக்கும் தண்ணீர் கொண்டு ஓட வேண்டும். அடுத்த வருடம் அந்தத் திட்டத்தில் யாரும் எங்களை ஜெயிக்கவில்லை.

அந்த நாலில் முதல் குதிரை தங்கமுத்து. வடமதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பம், தக்காளியும் வெங்காயமும் போடுகிறவர்கள். இருபத்து மூன்று வயது. அவன் ஓடுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். பயிற்சி முடிந்து கடைசி பஸ்ஸை விட்டுவிட்டான் என்றால் எங்கள் டீம் அக்மல் வீட்டில்தான் படுக்கை. அக்மலுடைய அம்மா சைதூன் இவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பார். அப்படி மூன்று வருடம்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மே கடைசியில் ஃபைனல், நிலக்கோட்டைக்காரர்களோடு. அந்த வாரம் சைதூன் அம்மாவுக்கு மதுரையில் பெரிய ஆபரேஷன். அக்மல் ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் ஆட வரவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், சென்னையிலிருந்து ஒரு அரசு அலுவலக அணிக்கு ஆள் எடுக்க அதிகாரி ஒருவர் வந்து, தங்கமுத்துவைப் பார்க்கத்தான் வந்தேன் என்று எங்களிடமே சொல்லி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. நிரந்தர வேலை. அவன் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய ஆள் அதுவரைக்கும் கிடையாது.

ஆட்டத்துக்கு முன்னால் அவனிடம் பாட்டிலை நீட்டினேன். வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டான். குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"ஏலே, என்ன இது? குடி."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தான். "அண்ணே, நான் நோன்பு. அம்மாவுக்கு நல்லபடியா ஆபரேஷன் முடியணும்னு வேண்டிக்கிட்டேன். ஏழு நாளு. இன்னிக்கி அஞ்சாவது நாளு. பாய்கிட்ட சொல்லிறாதீங்க, ஆட விட மாட்டாரு. உங்கள நம்பித்தான் சொல்றேன்."

சொல்லவில்லை. அதுவரைக்கும் நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. சொன்னால் பாய் அவனை வெளியே உட்கார வைத்திருப்பார், அதிகாரி வந்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பார். ஒரு நாள்தானே, பயல் சமாளித்துவிடுவான் என்று நினைத்தேன்.

பத்தாவது நிமிடத்தில் அவன்தான் கோல் போட்டான். ஏழு பேரும் இடத்தில் நின்றுகொண்டார்கள், குதிரைகள் ஓடின. இரண்டாம் பாதி பாதிகூட ஆகவில்லை, தங்கமுத்துவின் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. எழுந்தான், ஓடினான், மறுபடி இழுத்தது. பாய் தன் திட்டத்தின் பாதிப் பாரத்தை அந்த ஒருவன் காலில் வைத்திருந்தார், அந்தக் காலுக்குள் தண்ணீரே இல்லை என்பது தெரியாமல். அவன் பக்கமாகவே வந்து நிலக்கோட்டைக்காரர்கள் இரண்டு கோல் அடித்தார்கள். தோற்றோம்.

விசில் ஊதியதும் பாய் மைதானத்துக்குள் போனார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. "நோன்பு வச்ச பயலுக ஏழு பேரும் நிக்கிறானுக! தண்ணியும் சோறும் தின்னுட்டு வந்த ஒனக்கு என்னடா கேடு? ராத்திரி எவன்கூட உக்காந்து ஊத்துன? எவன்கிட்ட காசு வாங்குன, சொல்லு!" என்றார். கூட்டம் முழுக்கக் கேட்டது. தங்கமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். ஒரே ஒரு தடவை நிமிர்ந்தான். என்னைத்தான் பார்த்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காலி பாட்டில் பொறுக்கினேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை, பயம். "தெரிஞ்சும் எங்கிட்ட மறைச்சியாலே" என்று அதே கூட்டத்துக்கு முன்னால் பாய் என் பக்கம் திரும்பிவிடுவாரே என்ற பயம். இத்தனை வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்த அந்த பெஞ்சு போய்விடுமே என்ற பயம். தூ! ரெஃப்ரியை அடிக்கக் கை ஓங்கியவன் நான்.

அதிகாரி எழுந்து வந்து, "பையன் எப்படிங்க?" என்று பாயிடம் கேட்டார். "நல்ல காலு சார். ஆனா நம்ப முடியாத பய" என்றார் பாய். அதிகாரி ஃபைலை மூடிவிட்டார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். ஒரு வார்த்தை போதும், ஒரே வார்த்தை. அப்போதும் பேசவில்லை.

நோன்பு திறக்கிற நேரம் வந்தது. பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் வந்த கஞ்சியை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் கோல்போஸ்ட் பக்கம் வட்டமாக உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள், வழக்கமாகக் கொடுப்பதுதான். தங்கமுத்துவை யாரும் கூப்பிடவில்லை. பாங்கு சொல்லும்வரை அவன் மைதானத்து ஓரக் குழாயடியில் தனியாக நின்றான். பாங்கு கேட்டதும் குனிந்து, கையால் ஏந்தி மூன்று மடக்குத் தண்ணீர் குடித்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஐந்து நாளாகப் பட்டினி கிடந்து நோன்பு வைத்தவன் குழாயடியில், ஒரு நாளும் நோன்பு வைக்காத நான் கஞ்சி டம்ளரோடு. அந்தக் கஞ்சியை நான் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பாய் கடைக்கு வந்தார். நோட்டை எடுக்கச் சொன்னார். "எழுதுப்பா. தங்கமுத்து வேணாம். இனிமே வடமதுரப் பக்கத்து ஆளே வேணாம். ஓட்டத்த ஒருத்தன நம்பி விடக் கூடாது." என் அச்சு அச்சான கையெழுத்தில் நானே எழுதினேன்.

அதன்பிறகு போட்ட திட்டமெல்லாம் அந்த ஒரு வரியின் மேல் எழும்பியதுதான். குதிரைகளே கிடையாது, பதினோரு பேரும் பின்னால் நின்று காப்பது. வருடத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒன்றும் பிடிக்கவில்லை. "எங்க தப்புன்னு தெரியலயே பிரான்சிஸு" என்று நோட்டைப் புரட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரியும் எங்கே தப்பென்று. வடமதுரையிலிருந்து பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளை, "ஆள் நெறஞ்சிருச்சுப்பா" என்று திருப்பி அனுப்பியதும் நான்தான். ஆறு வருடம்.

போன வருடம் பெருநாளன்று பாய் சைதூன் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறார். அந்த அம்மா பிழைத்து நன்றாக இருக்கிறார், ஆனால் கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. "எனக்காக ஏழு நாளு நோன்பு இருந்த புள்ளையாச்சே, அந்தத் தங்கமுத்து. எங்கிட்ட மட்டும்தான் சொன்னான், யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற. இத்தன வருசம் ஆச்சு, நீங்க பெரியவங்க, உங்ககிட்ட சொன்னா என்ன? இப்பல்லாம் அவன் வீட்டுப் பக்கமே காணோமே அண்ணே" என்றிருக்கிறார். எந்த ஏழு நாள் என்று பாய் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்.

நேராக என் கடைக்குத்தான் வந்தார். புதுச்சட்டை, அத்தர் வாசம், முகத்தில் ஈயாடவில்லை. "பிரான்சிஸு, ஒரு நோன்பாளிய நான் குடிகாரன்னு சொல்லிட்டேன்யா" என்றார். அறுபது வயது மனிதர் அழுதார். எனக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும் அல்லவா? "அப்புடியா பாய்? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றேன். ஆச்சரியப்பட்ட மாதிரி கண்ணை வேறு விரித்தேன். அந்த நடிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அன்றைக்கே அவருடைய வண்டியில் இரண்டு பேரும் வடமதுரைக்குப் போனோம். தங்கமுத்து வீட்டு வாசலில் லோடு வேனிலிருந்து தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். உடம்பு பெருத்துவிட்டது. இடது காலை லேசாகத் தாங்கி வைத்தான். பாய் வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட இல்லை, என் கையில் தள்ளிவிட்டு ஓடிப்போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்னைய மன்னிச்சிருப்பா. சைதூன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"விடுங்க பாய். அது ஆச்சு அம்புட்டு வருசம். எனக்கு அந்த வேலைக்குப் போற வயசும் தாண்டிருச்சு."

"எங்கிட்டத்தான் சொல்லல. வேற யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாப்பா? ஒருத்தருக்குமா தெரியாம வச்சிருந்த?"

தங்கமுத்து அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனம், சொல்லிவிடக் கூடாதே என்று இன்னொரு மனம்.

"இல்ல பாய். ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றான். பிறகு, "பிரான்சிஸண்ணே, ஏன் அங்கயே நிக்கிறீங்க? வாங்க, டீ சாப்புடலாம்" என்றான்.

இரக்கமா, இளக்காரமா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவன் மனைவி சண்முகவள்ளி கொண்டுவந்த டீயைத் தலை நிமிராமல் குடித்தேன். திரும்பும் வழியெல்லாம் பாய் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து, "விடுங்க பாய், விடுங்க பாய்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஒன்பது நோட்டையும் பாய் ஓரம் கட்டிவிட்டார். வடமதுரைப் பிள்ளைகள் இரண்டு பேர் டீமுக்கு வந்தார்கள், குதிரைகள் திரும்ப வந்தன. இந்த வருடம் ரமலான் பிப்ரவரியில் பிறந்தது. முதல் லீக் ஆட்டத்துக்கு முந்தின நாள் மைதானத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, புது நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"இனிமே பேர வச்சு, இவன் நோன்பு, இவன் இல்லன்னு நான் முடிவு பண்ண மாட்டேன். எவன் வேணும்னாலும் நோன்பு இருக்கலாம், எவனுக்கு வேணும்னாலும் முடியாமப் போகலாம். எங்கிட்ட சொல்லக் கூச்சமா இருக்கும். அதனால நாளைக்கி யாரு நோன்பு, யாரு இல்ல, யாருக்கு ஒடம்பு முடியலன்னு பிரான்சிஸுகிட்ட சொல்லுங்க. யாரு என்னன்னு அவன் எங்கிட்ட சொல்ல வேணாம். யாரு ஓடுவான், யாரு நிப்பான்னு மட்டும் சொன்னாப் போதும். அத வச்சுத்தான் இனி நம்ம திட்டம்."

சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டு என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இவன் எங்கூட இருபத்தெட்டு வருசம். கோவக்காரன், ஆனா மனசுல ஒண்ண வச்சு வெளிய ஒண்ணு பேசத் தெரியாது. அன்னிக்கி அந்தத் தங்கமுத்து மட்டும் இவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தான்னா, அந்தப் புள்ள வாழ்க்கையே வேற."

பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். "சரி பாய்" என்றேன்.

கோல்போஸ்ட் பக்கம் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். முதல் ஆளாக வந்தவன் இளஞ்செழியன், வடமதுரைப் பையன்களில் சின்னவன். பக்கத்தில் குத்தவைத்து, சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, உங்கள நம்பித்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தான்.